ஊர் வரலாற்றை ஒலிப்பதிவாக்க: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

உங்கள் ஊர் எல்லையில் ஒரு நடுகல் நிற்கிறது, இல்லையென்றால் பக்கத்து மலையில் சமணர் படுக்கை, அதாவது சமணத் துறவிகளுக்காகப் பாறையில் வெட்டிய படுக்கை, இருக்கிறது, அதுவும் இல்லையென்றால் ஏரி மதகுக்குப் பக்கத்தில் யாரும் நின்று படிக்காத கல்வெட்டாவது கிடக்கிறது. அதைப் பற்றி நாலு பேருக்குச் சொல்ல ஆசை. வீடியோ எடுக்கலாம்தான், ஆனால் வெளிச்சம், கேமரா, எடிட்டிங் என்று வேலை நீண்டுகொண்டே போகும், கடைசியில் பார்க்கிறவர் கல்லை விட்டுவிட்டு உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். ஒலிப்பதிவுக்குக் கையிலிருக்கும் போனே போதும். கேட்கிறவர் அந்த இடத்திலேயே நின்று கல்லைப் பார்த்தபடி கேட்கலாம், வீட்டில் சமைத்துக்கொண்டும் கேட்கலாம், பார்வையற்றவர்களுக்கும் அது அப்படியே போய்ச் சேரும்.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. ஒலியில் அடிக்குறிப்பு போட முடியாது. கல்வெட்டில் இருப்பது, ஆய்வாளர் ஊகித்தது, ஊர்ப் பெரியவர் சொன்னது, நீங்களாக நினைத்துக்கொண்டது எல்லாமே ஒரே குரலில், ஒரே உறுதியோடு வந்து விழும். அதனால் "இதை யார் சொன்னது" என்பது வாக்கியத்துக்குள்ளேயே கேட்க வேண்டும். மைக், சாஃப்ட்வேர் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

முதலில் இடம், அதுவும் சின்னதாக

"மதுரையின் வரலாறு" என்று ஆரம்பித்தால் முடிக்கவே மாட்டீர்கள். ஒரு பதிவுக்கு ஒரு இடம், ஒரு இடத்தில் ஒரே ஒரு விஷயம், மூன்றிலிருந்து ஐந்து நிமிடம். மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடி சமணர் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் தாமரைக் குளமும் ஆலமரமும் அய்யனார் கோயிலும், படியேறினால் சுனையும் பாறைச் சிற்பங்களும் இருக்கும் பேச்சிப்பள்ளம், மலையின் வேறு பக்கம் செட்டிப்புடவு என்ற குகை என்று ஒரே மலையில் ஐந்தாறு பதிவுக்கு விஷயம் இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர் பேச்சிப்பள்ளத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதிலும் அங்கிருக்கும் கல்வெட்டில் ஒரே ஒரு வரி போதும், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அது யார் பொறுப்பில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். மத்தியத் தொல்லியல் துறை என்றால் நீலப் பலகை இருக்கும், மாநிலத் துறைக்கும் தனிப் பலகை உண்டு, கோயில் என்றால் பெரும்பாலும் அறநிலையத் துறை, மற்றபடி பட்டா நிலம். போனில் பேசிப் பதிவது பெரிய விஷயமாகத் தோன்றாது, ஆனால் மைக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றால் காவலாளி வந்து கேட்பார், கேட்கத்தான் வேண்டும். போவதற்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் அவரே நாலு தகவல் தருவார். பட்டா நிலத்தில் இருக்கும் கல்லுக்கு நிலத்துக்காரரிடம் கேட்காமல் போவது மரியாதையும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

படித்துவிட்டுப் போங்கள்

கல்வெட்டு என்றால் அதன் வாசகம் ஏற்கெனவே படிக்கப்பட்டு அச்சாகியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் 1890 முதல் வந்துகொண்டிருக்கின்றன, மாநிலத் தொல்லியல் துறை மாவட்ட வாரியாகத் தொகுதிகள் போட்டிருக்கிறது, பழைய நூல்கள் பலவும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வாட்ஸ்அப்பில் வரும் "5000 ஆண்டுப் பழமையான" செய்திகளை நம்பிக் குரல் கொடுத்துவிட்டால் அப்புறம் திரும்பப் பிடிக்க முடியாது.

ஆண்டு சொல்வதில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள். கீழடியைப் பாருங்கள். "கீழடி 2600 ஆண்டு பழமை" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறோம். 2019இல் மாநிலத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை சொல்வது இன்னும் குறிப்பானது: பரிசோதனைக்கு அனுப்பிய கரிம மாதிரிகளில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த ஒன்றுக்கு கி.மு. 580 என்று காலம் வந்திருக்கிறது. எந்த அறிக்கை, எந்த ஆழம் என்று சொன்னால் பேச்சு நீளும் என்று பயப்பட வேண்டாம். "நீங்கள் நிற்கும் தரைக்குக் கீழே ஏறக்குறைய இரண்டு ஆள் ஆழம்" என்று சொல்லிப் பாருங்கள், கேட்கிறவர் குனிந்து தரையைப் பார்ப்பார். காலக்கணிப்பைப் பற்றி வாதம் நடக்கிறது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம், அதனால் கீழடிக்கு ஒரு குறைவும் வந்துவிடாது.

கி.மு., கி.பி., பொது ஆண்டு என்பதெல்லாம் எழுத்தில் சரி, காதுக்கு அவை சுமை. "இன்றைக்கு ஏறக்குறைய 1400 ஆண்டுகளுக்கு முன்னால், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில்" என்று சொன்னால் போதும். ஒரு பதிவில் இரண்டு ஆண்டுக்கு மேல் சொல்லாதீர்கள், யாருக்கும் நிற்காது.

ஊர்க்காரர்களிடம் பேசும்போது

"ஐயா, இந்த ஊர் வரலாறு சொல்லுங்க" என்று கேட்டால் அவர் பள்ளிப் புத்தகத்தில் படித்த சேர சோழ பாண்டியரைச் சொல்வார், அல்லது "எனக்கென்னப்பா தெரியும், வாத்தியாரைக் கேளு" என்பார். கேள்வி தரையில் நிற்க வேண்டும். இந்தத் திடலுக்கு என்ன பேர், ஏன் அந்தப் பேர்? உழும்போது பானை ஓடு வருமா? மழை பெய்து ஓய்ந்தால் பாசிமணி கண்ணில் படுமா? இந்தக் கல்லுக்கு எப்போது பொங்கல் வைப்பீர்கள், யார் வைப்பார்கள், ஆடு உண்டா? இப்படிக் கேட்டுப் பாருங்கள், நிறுத்த முடியாது. கீழடிக் கதையும் இப்படித்தான் தொடங்கியது. 1970களில் கிணறு தோண்டியபோது கிடைத்த பொருட்களைப் பார்த்துவிட்டுத் துறைக்குத் தெரியப்படுத்தியவர் பள்ளி ஆசிரியர் ஒருவர், அகழாய்வு வந்தது 2014 வாக்கில்தான். அகழாய்வு நடந்த தென்னந்தோப்புப் பகுதியை ஊர்க்காரர்கள் பள்ளிச்சந்தைத் திடல் என்றுதான் சொல்லிவந்தார்கள்.

ஊர் வழக்கில் பெயர்கள் வேறாக இருக்கும். திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கம் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள், புலியோடு மோதுகிற வீரன் இருந்தால் புலிகுத்திக் கல், சமணப் படுக்கை என்றால் பாதி ஊர்களில் பஞ்சபாண்டவர் படுக்கைதான். அவர்கள் சொல்லும் பெயரைத் திருத்தாதீர்கள். அதையே பதிவில் சொல்லுங்கள், அப்புறம் ஆய்வாளர்கள் எப்படி அழைக்கிறார்கள் என்று சேருங்கள். வேடியப்பன் கல் ஒருவருக்குக் குலதெய்வமாக இருக்கும், அதை நீங்கள் "வெறும் நினைவுக்கல்" என்று அவர் முன்னாலேயே விளக்கிக்கொண்டிருந்தால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பூசையைப் பதிவு செய்ய வேண்டுமென்றால் பூசாரியிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரியவர் பேசுவதற்கு முன் பதிவை ஓடவிட்டு, எதற்காகப் பதிகிறீர்கள், எங்கே போடப்போகிறீர்கள், பெயர் சொல்லலாமா என்று கேட்டு, அவர் பதிலையும் அதிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். தாளில் கையெழுத்து வாங்கப் போனால் பத்திரத்தில் கேட்பது மாதிரி ஆகிவிடும், வாயால் சம்மதம் போதும். சிலர் பேசி முடித்த பிறகு "அந்தச் சேதியை மட்டும் எடுத்துடுப்பா" என்பார்கள். எடுத்துவிடுங்கள், பேரம் பேசாதீர்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. ஊர்க்கதைகளில் சாதிப் பெருமையும் அடுத்த சாதி மேல் பழியும் கலந்திருக்கும். நடுகல்லில் இருக்கும் வீரன் "எங்க ஆளு" என்று இரண்டு தெரு சொல்லும். கல்லில் அப்படி எழுதியிருந்தால் ஒழிய நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இரண்டு கதையையும் இரண்டு பேர் குரலிலேயே கேட்கவிடலாம், பழி சொல்லும் பகுதியை வெட்டிவிடுவது உங்கள் பொறுப்பு.

எழுதுவது, வாய்விட்டு எழுதுவது

எழுதாமல் நேரடியாகப் பேசிவிடலாம் என்று தோன்றும். முதல் சில பதிவுகளுக்கு வேண்டாம். ஆனால் கட்டுரை மாதிரி எழுதிவிட்டு வாசிக்காதீர்கள், சொல்லிச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள். நிமிடத்துக்கு நூறு சொல் என்று வைத்துக்கொண்டால் நிதானமாக இருக்கும், ஆகவே நாலு நிமிடத்துக்கு நானூறு சொல், அதற்கு மேல் போனால் வெட்டுங்கள்.

பேச்சிப்பள்ளத்துக்கு நான் எழுதுவதாக இருந்தால் நடுப்பகுதி இப்படிப் போகும்:

"படியேறி வந்த களைப்பு தீரட்டும், சுனைப் பக்கம் கொஞ்சம் நில்லுங்கள். இப்போது பாறையை நேராகப் பாருங்கள். எட்டுச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. தலைக்கு மேல் பாம்பு படம் விரித்திருக்கிறதே, அவர் பார்சுவநாதர், சமணத் தீர்த்தங்கரர்களில் ஒருவர். சிற்பங்களுக்குக் கீழே வளைந்து வளைந்து எழுத்து தெரிகிறதா? அது வட்டெழுத்து. ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிறது. தொடாமல் குனிந்து பாருங்கள். அவற்றில் ஒன்றை இப்படிப் படித்திருக்கிறார்கள்: ஸ்ரீ அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி ஸ்ரீ. அச்சணந்தி என்பவருடைய அம்மா, குணமதி, செய்யச் சொன்ன சிற்பம். கல் சொல்வது இவ்வளவுதான். அச்சணந்தி யார்? இதே பெயர் மதுரைப் பக்கத்து ஆனைமலையிலும் வருகிறது, வேறு மலைகளிலும் வருகிறது. அவர் சமணத் துறவி என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்."

கவனித்தீர்களா, "படித்திருக்கிறார்கள்", "கல் சொல்வது இவ்வளவுதான்", "ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்" என்று மூன்று இடத்தில் ஆள் மாறுகிறது. இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் கேட்கச் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் எது கல், எது ஊகம் என்று யாருக்கும் தெரியாது. "குணமதி கண்ணீரோடு மகனை வழியனுப்பினாள்" என்று சேர்க்கக் கை அரிக்கும். சேர்ப்பதானால் "நான் இப்படி நினைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிச் சேருங்கள்.

குரலை மாற்றிக்கூட இதைச் செய்யலாம். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல் அதற்கு அருமையான பாடம். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், கருந்தேவகத்தி என்ற வீரன் எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்ததைச் சொல்கிறது அந்தக் கல். வீரனோடு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது, நாய்க்கென்று தனியாக ஒரு வரியும் உண்டு: "கோவிவன் என்னும் நாய் இரு கள்ளனைக் கடித்துக் காத்திருந்தவாறு". நாயின் பெயரைக்கூட விடாமல் எழுதிவைத்திருக்கிறார்கள். இந்த மாதிரிப் பதிவில் கல்வெட்டு வரிகளை ஒரு பெண் குரலும் விளக்கத்தை உங்கள் குரலும் சொன்னால், எது கல்லில் இருக்கிறது என்று தனியாக விளக்கவே வேண்டாம். பழைய வாசகத்தை ஒருமுறை மெதுவாக, வெட்டாமல் படியுங்கள், உடனே இன்றைய தமிழில் சொல்லுங்கள், மறுபடி ஒருமுறை பழைய வாசகம். இரண்டாவது தடவை கேட்கும்போது புரிந்துவிடும். கல்வெட்டின் தொடக்கத்தில் அரசன் புகழைப் பாடும் நீளமான மெய்க்கீர்த்தி என்றால் இரண்டு அடி போதும், முழுசாகப் படித்தால் ஆள் எழுந்து போய்விடுவார்.

திசை சொல்லும்போது "இடதுபக்கம்" என்றால் யாருக்கு இடது என்று குழப்பம். கோயிலில் "வலம் வரும்போது", வெளியில் "குளத்துக்கு முதுகு காட்டி நின்றால்" என்று அசையாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். பாறை விளிம்பு, குவாரிப் பள்ளம், வழுக்கும் படி இருந்தால் நகரச் சொல்வதற்கு முன்பே எச்சரித்துவிடுங்கள், காதில் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு நடப்பவருக்குப் பின்னால் வரும் வண்டியும் கேட்காது.

பதிவு

பேச்சை வீட்டில் பதியுங்கள், இடத்தின் சத்தத்தை இடத்தில் பதியுங்கள். இது ஒன்றைச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மலையில் காற்று மைக்கில் அடித்தால் எந்த சாஃப்ட்வேராலும் காப்பாற்ற முடியாது. ஆடி மாதமென்றால் ஊரில் ஒலிபெருக்கி காலை நாலரைக்கே ஆரம்பித்துவிடும், பின்னால் பாட்டு ஓடினால் யூடியூப் காப்புரிமை என்று வந்து நிற்கும்.

இடத்துக்கு விடியற்காலையில் போங்கள். மயில், காற்று, சுனை நீர், தூரத்தில் ஆடு மேய்ப்பவர் கூப்பிடுவது, இதெல்லாம் பேசாமல் இரண்டு நிமிடம் பிடித்துக்கொண்டால் போதும். அதையே பின்னணியாக மெல்லிசாக ஓட்டலாம். வீணை, உறுமி, சினிமா பாணி இடியோசை எதுவும் வேண்டாம் என்பது என் கட்சி. நடுகல் என்றாலே போர் முரசு போடுகிற பழக்கம் இருக்கிறதே, சகிக்கவில்லை.

வீட்டில் மெத்தை, துணி நிறைந்த அறையாகப் பாருங்கள், எதிரொலி இருக்காது. மின்விசிறியை நிறுத்துங்கள், சித்திரை வெயிலில் கஷ்டம்தான், அதனால் பத்தி பத்தியாகப் பதியலாம். போனை விமான நிலைக்கு மாற்றிவிட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேராக வைக்காமல் கொஞ்சம் ஓரமாகப் பிடியுங்கள், "ப" வரும்போதெல்லாம் புஸ் என்று காற்று அடிப்பது குறையும். தப்பாகச் சொன்னால் நிறுத்த வேண்டாம், ஒரு கைதட்டு தட்டிவிட்டு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். வெட்டும்போது அந்தக் கைதட்டு அலைவரைவில் கம்பமாக நிற்கும், தேட வேண்டியதில்லை.

பெரியவர்களைப் பதியும்போது மட்டும் அவர்கள் இடத்துக்கே போக வேண்டும். சட்டையில் குத்தும் சின்ன காலர் மைக் இதற்குத்தான் வாங்க வேண்டும், விலை குறைந்ததே போதும், பஞ்சு உறை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நீங்கள் "ம்ம், ஆமா" போடாமல் தலையை மட்டும் ஆட்டப் பழகுங்கள், நமக்கு இது ரொம்பச் சிரமம்.

பதிவை அமுக்காத வேவ் கோப்பாக, 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸில் எடுங்கள். ஒற்றைத் தடத்தில் நிமிடத்துக்கு ஐந்து எம்பி சொச்சம் பிடிக்கும். இடம் அடைக்கிறது என்று மூலத்தை அழித்துவிடாதீர்கள், பெரியவர் குரலுக்கு இரண்டாவது வாய்ப்பு எப்போதும் கிடைப்பதில்லை.

வெட்டுவது

ஒலியை வெட்டி ஒட்ட ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம், அது போதும். கைதட்டு இருக்குமிடங்களை வெட்டுங்கள், சத்த அளவைச் சமப்படுத்துங்கள், இரைச்சல் நீக்கியைக் கொஞ்சமாக மட்டும் தொடுங்கள், அதிகமானால் குரல் தகர டப்பாவுக்குள் போய்விடும். மூச்சு, தயக்கம் எல்லாவற்றையும் துடைத்தெடுக்காதீர்கள். முடிந்ததும் ஹெட்போனில் மட்டும் கேட்காமல் பஸ்ஸில் போகும்போது போன் ஸ்பீக்கரில் ஒருமுறை கேளுங்கள், பெரும்பாலானவர்கள் கேட்கப்போவது அப்படித்தான். வெளியிட எம்பி3 ஆக்கினால் நாலு நிமிடப் பேச்சு நாலு எம்பிக்குள் அடங்கும்.

வெளியிடும்போது

ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுவதானால் கோப்பாக இணைத்து, கூடவே இடம், தேதி, பேசியவர், தகவல் எங்கிருந்து எடுத்தது என்று நாலு வரி எழுதிப் போடுங்கள். யூடியூபில் ஒரே ஒரு படத்தோடு ஏற்றலாம். நெடுநாள் இருக்க வேண்டுமென்றால் இன்டர்நெட் ஆர்கைவில் ஒரு பிரதி, மற்றவர்களும் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு. கோப்பின் பெயரில் தேதியும் ஊரும் இருக்கட்டும், "புதிய பதிவு 17" என்று இருந்தால் உங்களுக்கே அடுத்த வருடம் தெரியாது. க்யூஆர் குறி அச்சடித்தால் டீக்கடையிலும் பள்ளியிலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் ஒட்டுங்கள். கல்லிலோ அதன் பீடத்திலோ கூடவே கூடாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் எதையாவது ஒட்டுவதும் கிறுக்குவதும் சட்டப்படி குற்றம்.

எதைச் சொல்லக்கூடாது என்பதும் இருக்கிறது. காவல் இல்லாத கல்வட்டம் (பழங்காலப் புதைகுழியைச் சுற்றி நட்ட கற்கள்), முதுமக்கள் தாழி தெரியும் மேடு, புதிதாகக் கண்ணில் பட்ட சிலை, இவற்றுக்கு வழி சொல்லாதீர்கள், ஊர்ப் பெயரோடு நிறுத்துங்கள், வரைபடப் புள்ளி வேண்டவே வேண்டாம். புதையல் இருக்கும் என்று நம்பிக் கல்லைப் புரட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களும் போன் வைத்திருக்கிறார்கள். புதிதாக ஏதாவது கண்டால் பதிவுக்கு முன்னால் வட்டாட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரியப்படுத்துங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையாவது மண்ணிலிருந்து எடுத்தால் மாவட்ட ஆட்சியருக்குச் சொல்லியாக வேண்டும். "சும்மா ஒரு பானை ஓடுதானே" என்று பையில் போட்டுக்கொண்டு வருவதும் வேண்டாம், எந்த அடுக்கில் கிடந்தது என்ற தகவல் போய்விட்டால் அது வெறும் ஓடுதான்.

வெளியான பிறகு யாராவது கட்டாயம் வந்து "அது அப்படி இல்லை" என்பார்கள். பாதி பேர் சும்மா சொல்வார்கள், ஒருவர் சரியாகச் சொல்வார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள், கல்வெட்டுத் தொகுதியின் பக்கத்தைக் காட்டினால் அந்தப் பத்தியை மட்டும் மறுபடி பதிந்து மாற்றிவிட்டு, குறிப்பில் திருத்திய தேதியைப் போடுங்கள். பழைய கோப்பு ஏற்கெனவே பத்துக் குழுக்களுக்குப் போயிருக்கும், அதை அழிக்க முடியாது, ஆகவே புதியதன் முதல் வரியிலேயே "இது திருத்திய பதிவு" என்று குரலில் சொல்லிவிடுங்கள்.